வந்த நாளும் போன நாளும்

காலை 10.10.

ஆடிட்டர் அலுவலகத்து இரும்பு பீரோவின் மூன்றாவது தட்டில் பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் பாஸ்போர்ட் இல்லை.

லிஃப்ட்காரர் உறையைக் கவிழ்த்து உதறினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பத்தொன்பது வருடமாக வெளிநாட்டில், முப்பது நாற்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்டுகிற மனிதர்.

“சார், இன்னைக்கு மூணு மணிக்கு வரி ஆபீஸ்ல விசாரணை. ஒரிஜினலோட வரணும்னு எழுதியிருக்காங்க. சனிக்கிழமை எனக்கு ஃபிளைட். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போய் நிக்கலன்னா என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“பதறாதீங்க,” என்றார் ஆடிட்டர். அவருக்கு அறுபத்தாறு வயது. “இங்கதான் எங்கயாவது இருக்கும். தேடுவோம். போலீஸ் கீலீஸ்னு போனா ஆபீஸ் பேரு கெட்டுப்போகும்.”

லிஃப்ட்காரர் அரைமணி நேரம் தேடினார். பிறகு போலீசுக்குப் போன் போட்டார்.

காலை 11.00.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டார். மூன்று நாளாகப் பந்தோபஸ்து வேலை, சரியான தூக்கம் கிடையாது. இடது முழங்கால் கெஞ்சியது. ஆடிட்டர் அலுவலகமோ நான்காவது மாடியில்.

“லிஃப்டுக்கு என்ன கேடு?” என்று கூட வந்த வாட்ச்மேனைக் கேட்டார்.

“காலையில ஒம்பது மணியிலிருந்து தெருவுக்கே கரண்ட் இல்ல சார். ஏதோ மராமத்து வேலையாம். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருமாம்.”

ஏட்டு பின்னால் நின்று மூச்சு வாங்கினார். “இன்னும் எத்தனை நாள் சார் நமக்கு இந்தப் படி?”

“நூத்தி நாப்பது.” ஓய்வுபெறும் நாளை இன்ஸ்பெக்டர் விரல்நுனியில் வைத்திருந்தார்.

“இன்னைக்கும் சேத்தா?”

“சேக்காம.”

“அப்ப நூத்தி நாப்பத்தொண்ணு சார். இன்னைக்கும் வேலைதானே பாக்குறோம்?”

இன்ஸ்பெக்டர் முறைத்துவிட்டு ஏறினார். நாள் கணக்கு என்றால் அவருக்கு ஆகாது. பல வருடம் முன்பு ஒரு வழக்கில், குற்றவாளியைக் காவலில் வைத்த முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணிவிட்டார். குற்றப்பத்திரிகை ஒரு நாள் தாமதமாகிப் போனது, திருடன் ஜாமீனில் சிரித்துக்கொண்டே வெளியே போனான். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவருடைய பதவி உயர்வும் போயிற்று. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அலுவலகம் என்பது இரண்டு அறை. ஃபேன் ஓடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தும் புழுங்கித் தள்ளியது. டைப்பிஸ்ட் ஒரு ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க ஃபைல்கள். பரணில் ‘முடிந்தவை’ என்று எழுதி, தூசி படிந்த கட்டுகள் வரிசையாக இருந்தன.

பீரோப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு சாவி. ஒன்று ஆடிட்டரிடம், இன்னொன்று டைப்பிஸ்டிடம்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் விழுந்தார். “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பாஸ்போர்ட்டுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?”

ஆடிட்டர் இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிச் சலித்தவர். “வெளிநாட்டுல சம்பாதிக்கிறவங்க வருஷத்துல நூத்தி எண்பத்திரெண்டு நாளுக்குக் குறைவா இங்க இருந்தா, அந்தச் சம்பளத்தைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. போன வருஷம் விதியை மாத்திட்டாங்க. இப்ப எல்லை நூத்தி இருபது. நூத்தி இருபதைத் தொட்டா இங்கேயே குடியிருக்கிற ஆள்னு கணக்கு. அங்க வாங்கின சம்பளம் முழுசுக்கும் இங்க வரி கட்டணும்.”

“இவர் எத்தனை நாள் இருந்தார்?”

“நூத்திப் பத்தொம்போது.” ஆடிட்டர் ஃபைலில் குத்தியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினார். பென்சிலில் மூன்று எண்கள்: 36, 40, 43. கீழே கோடு போட்டு 119. “மூணு தடவை வந்தார். எந்தத் தேதிக்குள்ள கிளம்பணும்னு நான்தான் குறிச்சுக் குடுத்தேன்.”

“அதைத் தாண்டி ஒரு நாள்கூட நான் இருக்கல சார்,” என்றார் லிஃப்ட்காரர். “வீட்ல அவளுக்கு ஆபரேஷன். அதுக்கு முதல் நாளே கிளம்பிட்டேன். பையன்தான் ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டான். வரி கட்டினா அந்த ஆபரேஷன் கடனை அடைக்க முடியாதேன்னுதான் போனேன்.”

இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துச் சீட்டிலிருந்த எண்களைக் குறித்துக்கொண்டார்.

“ஸ்டாம்ப் போட்ட பக்கங்களோட நகல் இருக்குமே?”

“அதுவும் அதே உறையிலதான் இருந்தது,” என்றார் ஆடிட்டர். “அதையும் காணோம்.”

பாஸ்போர்ட் இருந்தால் இவருக்கு லாபம், தொலைந்தால் நஷ்டம். அப்படியானால் இவருக்கு ஆகாதவன் யாரோ எடுத்திருக்கிறான். இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவுதான் தோன்றியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆடிட்டர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து லிஃப்ட்காரர் முன்னால் வைத்தார். கறுகறுவென்று தெளிவாக அச்சடித்த எழுத்து. “வாய்தா கேட்டு மனு. பாஸ்போர்ட் தொலைஞ்சிட்டதால மூணு மாசம் அவகாசம் வேணும்னு போட்டிருக்கேன். கையெழுத்துப் போடுங்க. நான் போய்ப் பேசிக்கிறேன்.”

“மூணு மாசமா? எனக்குச் சனிக்கிழமை போகணும் சார்!”

“ஒண்ணொண்ணா பாப்போம்.”

லிஃப்ட்காரர் பேனாவை எடுத்தார், கீழே வைத்தார். இன்ஸ்பெக்டர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதாலேயே இரண்டு தடவை விசிறிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

காலை 11.25.

டைப்பிஸ்ட்டை வெளியறையில் விசாரித்தார்.

“எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?”

“பதினோரு வருஷம் சார்.”

“பாஸ்போர்ட்டைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“நேத்து மத்தியானம். சார்தான் உறையோட எடுத்துட்டு வரச் சொன்னார். அப்புறம் அவரே உள்ள வெச்சார்.”

“எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“நாலரைக்கு. ‘நீ கிளம்பும்மா’ன்னார். வேலை தலைக்கு மேல கிடக்குது, இப்படி அனுப்பினதே இல்ல. அதிசயமா இருக்கேன்னு நெனச்சேன்.”

“அதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?”

யோசித்தாள். “ஒண்ணும் இல்ல சார். நாலு மணிக்கு டிபார்ட்மெண்ட்லேர்ந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புது விதிக்கு விளக்கமாம். அச்சடிச்சு மேஜையில வெச்சேன். நான் படிக்கல. படிச்சாலும் எனக்கு விளங்காது.” பெருமூச்சு விட்டாள். “இன்னைக்குப் பத்து கடுதாசி பாக்கி. கரண்ட் வந்தாத்தான் ஒண்ணாவது அடிக்க முடியும்.”

“நேத்து சாயங்காலம் வெளியாள் யாராவது?”

பதில் வாசலிலிருந்து வந்தது. “லிஃப்ட்காரரோட தம்பி வந்தார் சார்,” என்றார் வாட்ச்மேன். “அஞ்சரைக்கு மேல போனார். இறங்கி வர்றப்போ மூஞ்சியே சரியில்ல.”

பகல் 11.55.

தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை இருந்தது அடுத்த தெருவில்; அங்கே கரண்ட் இருந்தது. மேஜை விளக்கின் கீழே ஒரு போனைக் குடல் உருவிப் போட்டிருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆறு மாதமாகப் பேச்சு சரியில்லை என்பது வழியிலேயே ஏட்டுக்குத் தெரிந்துவிட்டது.

“நேத்து நான் எங்கேயும் போகல சார்.”

“வாட்ச்மேன் பாத்திருக்கார்.”

தம்பி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். “போனேன். ஆனா பாஸ்போர்ட்டை எடுக்கப் போகல.”

“பின்ன?”

“அண்ணனோட வெளிநாட்டு பேங்க் கணக்குல என் பேரும் இருக்கு சார். அவசரத்துக்குன்னு அண்ணன் சேத்து வெச்சது. இப்ப இங்க இருக்கிறவங்களும் வெளிநாட்டுல தங்க பேர்ல என்ன இருக்குன்னு எழுதிக் குடுக்கணுமாம். எழுதலன்னா அபராதமாம். நான் பத்து பைசா எடுத்ததில்ல. ஆனா நான் எதையும் எழுதிக் குடுக்கல. பயமா இருந்துச்சு. என் பேரை எடுத்து விடுங்கன்னு கேக்கப் போனேன்.”

“ஆடிட்டர் என்ன சொன்னார்?”

“தலையே நிமிரல சார். தானே கம்ப்யூட்டர்ல ரெண்டு விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தா தட்டிக்கிட்டு இருந்தார். ‘நாளைக்கு வா, நாளைக்கு வா’ன்னு விரட்டிட்டார்.”

“பீரோ?”

“பூட்டித்தான் இருந்துச்சு.” தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு அண்ணன் மேல கோவம் உண்டு சார். அண்ணிக்கு ஆபரேஷன் நடக்குறப்போ ஒரு மனுஷன் விட்டுட்டுப் போவானா? ராத்திரி பகலா நான்தான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஆனா அவர் பொழப்புல மண்ணள்ளிப் போடுற ஆள் இல்ல நான்.”

இவன் இல்லை என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. இருபத்தொன்பது வருடமாகப் பொய் கேட்ட காது அது. ஆனால் வேறு யார் என்று மட்டும் தெரியவில்லை. மணி ஓடிக்கொண்டிருந்தது.

பகல் 12.40.

லிஃப்ட்காரரின் வீட்டைத் தேடிப் பார்ப்பது சடங்குக்கு. தவறுதலாக வீட்டிலேயே இருந்துவிட்டால்? அப்படி நடந்த வழக்குகள் உண்டு.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியும் தேறவில்லை. பாஸ்போர்ட் வீட்டில் இல்லை. ஆனால் அடுக்களைச் சுவரில் போன வருடக் காலண்டர் இன்னும் தொங்கியது. மூன்று இடங்களில் வரிசையாகச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. மூன்றாவது வரிசை முடிந்த மறுநாளைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தது.

“இது என்னம்மா?”

“அவர் வீட்ல இருந்த நாளுங்க சார். ஒவ்வொரு நாளும் சரி போடுவேன். அவர் வந்தா அப்படி ஒரு பழக்கம்.” கொஞ்சம் வெட்கப்பட்டாள். “முதல் தடவை முப்பத்தேழு. அடுத்தது நாப்பத்தொண்ணு. கடைசித் தடவை நாப்பத்தி நாலு. மனசுல பாடமாவே ஆயிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் வழக்கம்போல நோட்டில் எழுதிக்கொண்டார்.

“நீல வட்டம்?”

“ஆபரேஷன் நாள்.” அவள் காலண்டரைப் பார்க்காமல் சொன்னாள். “இன்னும் ஒரே ஒரு நாள் இருங்கன்னு கேட்டேன். ஆடிட்டர் எண்ணிக் குடுத்திருக்கார், ஒரு நாள் கூடினாலும் எல்லாம் போச்சுன்னார். மயக்க மருந்து குடுக்குற வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் நான் அதைப் பத்திப் பேசினதில்ல. அவரும் பேசினதில்ல.”

இன்ஸ்பெக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பகல் 1.30.

மறுபடி அதே படி. இந்தத் தடவை முதல் மாடியிலேயே முழங்கால் மக்கர் செய்தது. இன்ஸ்பெக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கரண்ட் மட்டும் இருந்திருந்தா...” என்றார் ஏட்டு. “நான் இன்னைக்கு ஒரு நாளையே ரெண்டு நாளா எண்ணலாம் போலிருக்கு. நீங்க என்னடான்னா ஒரு நாளாகூட எண்ண மாட்டேங்கறீங்க.”

இன்ஸ்பெக்டர் சட்டென்று நோட்டைப் பிரித்தார். ஆடிட்டரின் சீட்டிலிருந்து குறித்தது ஒரு பக்கம். அந்த அம்மா சொன்னது அடுத்த பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய வழக்கும், சிரித்துக்கொண்டே போன திருடனும் நினைவுக்கு வந்தார்கள்.

“ஏட்டு, கரண்ட் எத்தனை மணிக்குப் போச்சுன்னு சொன்னாங்க?”

“ஒம்போதுக்கு சார்.”

“பாஸ்போர்ட் காணோம்னு எப்பத் தெரிஞ்சுது?”

“பத்து பத்துக்கு.”

“அப்ப அதுல போய் விசிறிக்கிட்டேனே, நான் ஒரு மடையன்,” என்று எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

பகல் 1.50.

“கதவைச் சாத்துங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளே ஆடிட்டர், லிஃப்ட்காரர், டைப்பிஸ்ட். வாய்தா மனு கையெழுத்தில்லாமல் மேஜையிலேயே கிடந்தது.

“ஆடிட்டர் சார், இந்த மனுவை யார் அடிச்சது?”

“நான்தான்.”

“எப்ப?”

“காணோம்னு தெரிஞ்ச உடனே. காலையில.”

“எதுல அச்சடிச்சீங்க?”

ஆடிட்டர் வாயைத் திறந்தார். பிரிண்டரைப் பார்த்தார். அசையாத ஃபேனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“ஒம்பது மணியிலிருந்து தெருவுல ஒரு பல்பு எரியல,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க டைப்பிஸ்ட் ஒரு கடுதாசி அடிக்க முடியாம உக்காந்திருக்காங்க. நான் நாலு மாடி நடந்து ஏறினேன். ஆனா பத்து பத்துக்குத் தொலைஞ்ச பாஸ்போர்ட்டுக்கு உங்ககிட்ட ரெண்டு பக்கம் பளிச்சுனு அச்சடிச்ச மனு இருக்கு. தொலையப் போறது நேத்து சாயங்காலமே உங்களுக்குத் தெரியும். ரெண்டு விரல்ல நீங்க தட்டினது இதைத்தான். அதுக்குத்தான் இந்த அம்மாவை நாலரைக்கே அனுப்பினீங்க.”

டைப்பிஸ்ட் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது.

“ஏன் சார்?” லிஃப்ட்காரர் நம்பாமல் கேட்டார். “உங்ககிட்ட நான் பதினாலு வருஷமா வர்றேன். என்மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவம் இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “பயம். அந்தச் சீட்டுல முப்பத்தாறு, நாப்பது, நாப்பத்தி மூணு. உங்க வீட்டம்மா காலண்டர்ல முப்பத்தேழு, நாப்பத்தொண்ணு, நாப்பத்தி நாலு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட. ஏன்னா அவங்க நீங்க வந்த நாளுக்கும் சரி போட்டாங்க, கிளம்பின நாளுக்கும் போட்டாங்க. இவர் கிளம்பின தேதியிலிருந்து வந்த தேதியைக் கழிச்சார். கழிச்சா ஒரு நாள் நழுவிடும். நானும் ஒரு தடவை நழுவ விட்டவன்தான். நேத்து நாலு மணிக்கு வந்த சுற்றறிக்கையில என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க ஆடிட்டர் சார்.”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது இல்லாமல் அவர் முகம் இன்னும் கிழடாகத் தெரிந்தது.

“வந்த நாளும் சேரும், கிளம்பின நாளும் சேரும்னு இருக்கு,” என்றார். “முப்பத்தஞ்சு வருஷமா நான் கழிச்சுத்தான் எண்ணியிருக்கேன். நூத்தி எண்பத்திரெண்டு இருந்தப்போ யாரும் பக்கத்துலகூட வரமாட்டாங்க. மூணு நாள் கூடினா என்ன, குறைஞ்சா என்ன? ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லையைக் குறைச்சாங்க. நான் எண்ணுற விதத்தை மாத்திக்கல.”

“நேத்து மறுபடி எண்ணினீங்க.”

“நாலு தடவை. நூத்தி இருபத்திரெண்டு.”

லிஃப்ட்காரர் அந்தப் பென்சில் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“வாய்தா கிடைச்சதும், சனிக்கிழமைக்குள்ள ஃபைலுக்கு நடுவுல கிடைச்ச மாதிரி குடுத்துடலாம்னு இருந்தேன்,” என்றார் ஆடிட்டர். “இவர் வேலையைக் கெடுக்கணும்னு நினைக்கல.”

“மூணு மாசம் கழிச்சு என்ன பண்ணியிருப்பீங்க?”

“தெரியல சார். மூணு மாசம் மூச்சு விட்டிருப்பேன்.”

அவர் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறப்போனார். கால் தடுமாறியது. டைப்பிஸ்ட் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். பரணில் ‘முடிந்தவை’ வரிசையிலிருந்து, என்றோ செத்துப்போன யாரோ ஒருவரின் ஃபைல் கட்டை இறக்கினார். நடுவில் பாஸ்போர்ட்டும் நகல்களும் பத்திரமாக இருந்தன.

“கிழிச்சுப் போட்டிருக்கலாமே?” என்றார் ஏட்டு.

“காகிதத்தைக் கிழிக்கிற தொழில் இல்லய்யா இது,” என்றார் ஆடிட்டர்.

பகல் 2.15.

“புகார் எழுதித் தர்றீங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

லிஃப்ட்காரர் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். “கேஸ் போட்டா இதை நீங்க சாட்சிப் பொருளா வாங்கி வெச்சுப்பீங்க. இல்லையா?”

“ஆமா.”

“அப்ப சனிக்கிழமை நான் எப்படிப் போறது? இன்னும் ரெண்டு வருஷம் சேத்து உழைக்கணும் சார் இப்போ.” ஆடிட்டர் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்குக் கத்தத் தெம்பில்லை. “நீங்க கூட வாங்க. தப்பு யாரோடதுன்னு அங்க நீங்களே உங்க வாயால சொல்லுங்க. அபராதத்தையாவது விடுறாங்களான்னு பாப்போம்.”

“வர்றேன்,” என்றார் ஆடிட்டர். சுற்றறிக்கையையும் பென்சில் சீட்டையும் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

நான்கு மாடியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கீழே தெருவில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. தம்பி அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். போலீஸ் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு அவளால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

லிஃப்ட்காரர் கார் ஜன்னலோரம் குனிந்தார். “கிடைச்சிடுச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா கணக்கு தப்பு. நீ போட்டதுதான் சரி. நூத்தி இருபத்திரெண்டு. நான் கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லை தாண்டிடுச்சாம். வரி கட்டித்தான் ஆகணும்.”

எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்ததும் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப அன்னைக்கு நீங்க இருந்திருக்கலாம்,” என்றாள்.

லிஃப்ட்காரர் கார்க் கதவின் மேல் கையை வைத்தபடி நின்றார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆடிட்டர் ஃபைலை அணைத்துப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

“நூத்தி நாப்பத்தொண்ணுதான் ஏட்டு,” என்றார். “வண்டியை எடுக்கச் சொல்லு.”